கஞ்சாவும் ஹெம்ப்பும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் வலிப்பு மருந்தைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதைப் படித்த வாசகர்களில் சிலர் இந்தச் செடி எல்லா நோய்க்கும் மருந்து என்ற நம்பிக்கையோடும், சிலர் இப்படியொரு செடியைப் பற்றி எழுதுவதே தவறு என்ற வருத்தத்தோடும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பினரும் கேட்டிருக்கும் கேள்விகள் முக்கியமானவை என்பதால் இம்முறை பத்தி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கஞ்சாவும் ஹெம்ப்பும் ஒரே செடி என்கிறார்கள். அப்படியானால் ஒன்றைப் பயிரிட்டால் சிறையும் மற்றொன்றைப் பயிரிட்டால் அரசின் உதவித்தொகையும் கிடைக்கும்படி சில நாடுகளில் சட்டம் இருப்பது எப்படி? (கல்லூரி மாணவர் ஒருவர்)

ஒரே இனம்தான். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் வைத்த கன்னாபிஸ் சட்டைவா என்ற பெயரே இரண்டுக்கும் உரியது. நார்ச் செடியைச் சணல் என்று எழுதுவோரும் உண்டு. சாக்கு நெய்யப் பயன்படும் சணல் முற்றிலும் வேறு செடி என்பதால் இங்கே ஹெம்ப் என்றே குறிப்பிடுகிறேன்.

வேறுபாடு செடியில் சுரக்கும் வேதிப்பொருளில் இருக்கிறது. பெண் செடியின் பூங்கொத்தைக் கைலென்சு வைத்துப் பார்த்தால், விதையை மூடி நிற்கும் செதில்களின் மேல் மெல்லிய காம்புகளும், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் பனித்துளி உறைந்தாற்போன்ற ஓர் உருண்டையும் தெரியும். அவைதான் பிசின் சுரப்பிகள். கன்னாபினாய்டுகள் எனப்படும் பொருள்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன. சுரப்பியில் முதலில் உண்டாவது ஒரு தாய்ப்பொருள். செடியின் மரபணு எந்த நொதியைத் தருகிறதோ அதைப் பொறுத்து அந்தத் தாய்ப்பொருள் டி.எச்.சி.யின் அமில வடிவமாகவோ சி.பி.டி.யின் அமில வடிவமாகவோ மாறுகிறது. சூடுபடும்போது அந்த அமிலங்கள் கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஆகின்றன. போதை தருவது டி.எச்.சி.; சி.பி.டி.க்குப் போதை கிடையாது. பூவில் டி.எச்.சி. மிகுந்த வகைகளைக் கஞ்சா என்றும், அது மிகக் குறைந்த வகைகளை ஹெம்ப் என்றும் பிரித்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவுக்கோடு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1976-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் குரோங்கிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் இந்தச் செடியை வகைப்படுத்தியபோது, உலர்ந்த எடையில் 0.3 சதவீத டி.எச்.சி. என்ற அளவை எல்லையாக வைத்தார்கள். ஆய்வு வசதிக்காக வகுத்த எல்லை அது என்று ஸ்மாலே பின்னர் எழுதியிருக்கிறார். அதே எண் 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டத்தில் நுழைந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 0.2 சதவீதமாக வைத்திருந்த வரம்பை 2023 முதல் 0.3 சதவீதமாக உயர்த்தியது. பூ முற்ற முற்ற டி.எச்.சி. கூடும். எனவே, சில நாள் தாமதமாக அறுத்த காரணத்தாலேயே, நல்ல விதையை வாங்கி விதைத்த உழவரின் வயல் வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அப்போது அவர் அந்தப் பயிரை அழிக்கவோ, பூவை நீக்கிச் சரிசெய்யவோ நேர்கிறது. இயற்கையில் இல்லாத ஒரு கோட்டின் பாரம் அவர் தலையில் விழுகிறது.

போதைப்பொருள்கள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம்கூட, நாருக்காகவும் விதைக்காகவும் இந்தச் செடியைப் பயிரிடுவது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று 28-ஆவது பிரிவில் சொல்லியிருக்கிறது. ஹெம்ப்பையும் சேர்த்துத் தடைசெய்த நாடுகள் தம் சொந்தச் சட்டத்தால் தடைசெய்தன. பிரான்ஸ் நார்ப் பயிரை ஒருபோதும் கைவிடவில்லை; பிரிட்டன் 1993-இலும் கனடா 1998-இலும் மீண்டும் அனுமதித்தன.

கேள்வி: என் சகோதரியின் 6 வயது மகளுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. இரண்டு மருந்துகள் கொடுத்தும் நிற்கவில்லை. இணையத்தில் விற்கும் சி.பி.டி. எண்ணெயை வாங்கிக் கொடுக்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

இணையத்தில் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதை முதலில் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சி.பி.டி.யில் ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருளில்லை. கஞ்சா சார்ந்த எல்லா மருத்துவப் பயன்களிலும் மிக உறுதியான சான்று உள்ள இடங்களில் வலிப்பும் ஒன்று. அந்தச் சான்று எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதுதான் உங்கள் சகோதரியின் குழந்தைக்கு முக்கியம்.

செடியிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய சி.பி.டி. கரைசல், எபிடியோலெக்ஸ் என்ற பெயரில், 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்றது. டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு அரிய, கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கே அனுமதி கிடைத்தது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் வலிப்பு 2020-இல் சேர்க்கப்பட்டது. 2017-இல் வெளியான டிராவெட் ஆய்வில் 120 குழந்தைகளும் இளைஞர்களும் பங்கேற்றார்கள். சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத வெற்றுக் கரைசல் பெற்றவர்களுக்கு அது 14.9-இலிருந்து 14.1-க்கு வந்ததோடு சரி. மருந்து பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கு வலிப்பு முற்றிலும் நின்றது. வேறெதற்கும் கட்டுப்படாத நோயில் இது பெரிய ஆறுதல். ஆனாலும் பெரும்பாலோருக்கு வலிப்பு குறைந்ததே தவிர நீங்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அளவைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது நாளுக்கு 400 மில்லிகிராம் ஆகும். இணையத்தில் விற்கும் குப்பிகள் பலவற்றில் மொத்தமாகவே சில நூறு மில்லிகிராம்தான் இருக்கிறது. அதுவும் லேபிளில் எழுதியிருக்கும் அளவில் இருக்குமா என்பது ஐயம். 2017-ஆம் ஆண்டில் இணையத்தில் வாங்கிய 84 பொருள்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, 31 சதவீதம் மட்டுமே லேபிளோடு ஒத்துப்போயின. 18 பொருள்களில் டி.எச்.சி. கண்டறியப்பட்டது. வலிப்புள்ள குழந்தைக்கு யாரும் அறியாமல் டி.எச்.சி. போய்ச் சேருவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. சி.பி.டி. கல்லீரலில் மற்ற மருந்துகளின் சிதைவைத் தடுக்கிறது. குளோபசாம் எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு அந்த மருந்தின் விளைபொருள் இரத்தத்தில் ஏறி மிகுந்த தூக்கக் கலக்கம் வரலாம்; வால்புரோயேட் எடுத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கல்லீரல் நொதிகள் உயரலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். அந்த நிலையில் குழந்தையைக் குழந்தைகள் நரம்பியல் நிபுணரிடம் காட்டி, வலிப்பின் வகையையும் மரபணுக் காரணத்தையும் கண்டறிவதே அடுத்த படி. அறுவை சிகிச்சை, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவுமுறை, சி.பி.டி. மருந்து ஆகிய மூன்றில் எது பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். இப்போது கொடுத்துவரும் மருந்துகளை அதுவரை திடீரென்று நிறுத்தாதிருக்கும்படி உங்கள் சகோதரியிடம் சொல்லுங்கள். அப்படி நிறுத்துவதே தொடர் வலிப்புக்கு வழிவகுக்கும்.

கேள்வி: ஒரு செடியின் பிசின் மனித மூளையில் வேலை செய்வது ஏன்? நம் உடலிலேயே அதற்கென்று ஏதோ இருக்கிறது என்று படித்தேன்.

இருக்கிறது. அது தெரியவந்த கதை இந்தச் செடியின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டி.எச்.சி.யை 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேலில் ரபேல் மெச்சூலமும் யெஹியேல் காவோனியும் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். ஆனால் அது உடலில் எங்கே சென்று ஒட்டுகிறது என்பது தெரிய மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1988-இல் அலின் ஹவ்லெட்டின் ஆய்வுக்குழு மூளையில் அதற்கான ஏற்பி இருப்பதை நிறுவியது. பின்னர் அது சி.பி.1 என்று பெயர் பெற்றது. நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் மிகுந்திருக்கும் சி.பி.2 ஏற்பி 1993-இல் வெளிப்பட்டது. ஏற்பி இருந்தால் அதற்கு உரிய பொருளை உடலே சுரக்க வேண்டும் அல்லவா? மெச்சூலத்தின் குழு பன்றி மூளையிலிருந்து 1992-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டது.

பெரும்பாலான நரம்புச் செய்திகள் முதல் நரம்பணுவிலிருந்து இரண்டாவதற்குச் செல்கின்றன. உடல் சுரக்கும் இந்தக் கன்னாபினாய்டுகளோ, செய்தியைப் பெறும் நரம்பணுவிலிருந்து அனுப்பும் நரம்பணுவுக்குத் திரும்பிச் சென்று, போதும், குறைத்துக்கொள் என்று தெரிவிக்கின்றன. வலி, பசி, நினைவு, அச்சம், உடல் அசைவு ஆகியவற்றை நிர்வகிக்கும் பகுதிகளில் சி.பி.1 நிறைந்திருப்பதால்தான் கஞ்சாவின் விளைவுகளும் அவ்வளவு பலவிதமாக இருக்கின்றன. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் அது மிகக் குறைவு. அதனால்தான் அபின் வகை மருந்துகளைப் போல மிகையளவில் கஞ்சா மூச்சை நிறுத்துவதில்லை.

இந்த அமைப்பின் மேல் கைவைப்பது எளிதான விளையாட்டல்ல. சி.பி.1 ஏற்பியை அடைத்துப் பசியைக் குறைக்கும் ரிமோனபேன்ட் என்ற மருந்து 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடியதால் 2008-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்க உருவாக்கிய வேறொரு மருந்தை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது ஒருவர் இறந்தார். மேலும் சிலர் மூளைப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த நொதியைத் தடுத்த பிற மருந்துகள் அத்தகைய தீங்கு செய்யவில்லை என்பதால், அந்தக் குறிப்பிட்ட மூலக்கூறு வேறு நொதிகளையும் தாக்கியிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று செய்தி பரவுகிறது. மருந்து நிறுவனங்கள் இதை மறைக்கின்றன என்பது உண்மையா?

குணப்படுத்தும் என்பதற்கு இன்றுவரை சான்றில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் புற்றணுக்களைச் சில கன்னாபினாய்டுகள் கொல்கின்றன என்பது உண்மை. தட்டில் புற்றணுவைக் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன, அவற்றில் மிகச் சிலவே நோயாளியின் உடலில் பயன் தருகின்றன. 2022 ஜனவரியில் ஹெம்ப்பின் இரண்டு அமிலங்கள் கொரோனா கிருமி மனித உயிரணுவுக்குள் நுழைவதைத் தடுக்கின்றன என்று ஓர் ஆய்வு வெளியானபோதும் இதே தவறு நடந்தது. சோதனைக் குழாயில் நடந்த ஆய்வு அது. கஞ்சா புகைத்தால் கொரோனா வராது என்று உலகம் முழுவதும் பரப்பிவிட்டார்கள். புகைக்கும்போது அந்த அமிலங்கள் சூட்டில் மாறிவிடுகின்றன என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறைக்கிறார்கள் என்பதும் சரியல்ல, வெளிப்படையாகவே ஆராய்கிறார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று மீண்டும் வந்த 21 நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த முதற்கட்ட ஆய்வில், வழக்கமான மருந்தோடு டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்த வாய்த்தெளிப்பு பெற்றவர்களில் 83 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 44 சதவீதத்தினரும் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள். 21 பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால்தான் அதைவிடப் பல மடங்கு பெரிய ஆய்வு 2023-இல் தொடங்கப்பட்டது.

புற்றுநோயாளிகளுக்கு நிறுவப்பட்ட பயன் வேறிடத்தில் இருக்கிறது. கீமோதெரபி தரும் வாந்தியைத் தணிக்க, ஆய்வுக்கூடத்தில் செய்த டி.எச்.சி.யான ட்ரோனபினால் 1985-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீண்டநாள் வலி, கீமோதெரபி வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் தக்க சான்று உண்டு என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2017-இல் அறிவித்தது. வலியைப் பற்றிய சான்று அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை என்பது என் கணிப்பு. எதுவாயினும், சிகிச்சையைக் கைவிட்டு எண்ணெயை நம்பியிருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கேள்வி: கண் அழுத்த நோய்க்குக் கஞ்சா நல்லதாமே?

கண்ணின் அழுத்தத்தை அது குறைக்கிறது என்பது 1971-இலேயே அறியப்பட்டது. ஆனால் அந்த விளைவு 3 அல்லது 4 மணி நேரமே நிற்கிறது. நாள் முழுவதும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க இரவிலும் எழுந்து எழுந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். சொட்டு மருந்து அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. கண் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: மதுவையும் புகையிலையையும் விடத் தீங்கு குறைந்த இயற்கை மூலிகையை ஏன் இவ்வளவு பயத்தோடு பார்க்கிறீர்கள்? (இளைஞர் ஒருவர்)

மிகையளவில் மூச்சு நிற்காது என்பதை மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் வயதில் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகத் தீங்கு செய்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஸ்வீடனில் இராணுவப் பயிற்சிக்கு வந்த 45,570 இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முன் 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்காக இருந்தது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அது குறைந்தாலும் மறையவில்லை. டி.எச்.சி. 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு மனநோய் முதன்முதலில் வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்று 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கண்டது. மரபுவழியில் அந்நோய்க்கு இடமுள்ளவர்கள் கஞ்சாவை நாடுவதும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆனால் தம் மரபணுவில் என்ன இருக்கிறது என்று எந்த இளைஞருக்கும் முன்கூட்டித் தெரியாது.

செடியும் மாறிவிட்டது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014-இல் 12 சதவீதமாகியிருந்தது. முந்தைய தலைமுறையின் அனுபவத்தை வைத்து இன்றைய பொருளை மதிப்பிடக் கூடாது. பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்துவோர் சிலருக்கு நிற்காத வாந்தி வருகிறது. வாந்தியைத் தணிக்கும் பொருளே வாந்திக்குக் காரணமாவதால் நோய் எதுவென்று தெரியாமல் மருத்துவமனைகளுக்கு அலைந்தவர்கள் பலர். வெந்நீரில் குளித்தால் தற்காலிகமாக அடங்கும் இந்த நோய்க்கு, பழக்கத்தை விடுவது ஒன்றே தீர்வு. பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்பருவத்தில் தொடங்குவோரிடம் அந்த விகிதம் இன்னும் கூடுதல். தண்டிப்பது சரியா என்பது வேறு கேள்வி. தீங்கில்லை என்பது மட்டும் உண்மையல்ல.

கேள்வி: ஹெம்ப்பிலிருந்து 25,000 பொருள்கள் செய்யலாம், காகிதத்துக்கு மரம் வெட்டவே வேண்டாம், பருத்தியும் தேவையில்லை என்கிறார்கள். இவ்வளவு நல்ல பயிர் ஏன் உலகெங்கும் பரவவில்லை? (உழவர் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்)

25,000 என்ற எண் 1938-இல் ஓர் அமெரிக்க இதழ் எழுதியது. எண்ணிப் பார்த்து எழுதியதல்ல. காகிதத்தைப் பற்றிய கூற்றுக்கு மூலம் 1916-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அறிக்கை. ஹெம்ப்பின் சக்கையிலிருந்து ஓர் ஏக்கருக்குக் கிடைக்கும் கூழ், 20 ஆண்டுக் கணக்கில், நான்கு ஏக்கர் காட்டுக்கு ஈடாகும் என்று அது மதிப்பிட்டது. பின்னால் காட்டு மரங்களின் விளைச்சலும் கூழாலைகளின் திறனும் உயர்ந்தன. அந்தக் கணக்கு அப்படியே மேற்கோளாக நின்றுவிட்டது.

இந்தப் பயிரின் உண்மையான சிக்கலை அறிய ஒரு தண்டைக் கையில் எடுத்தால் போதும். நன்றாக ஊறிக் காய்ந்த தண்டை நடுவில் ஒடித்தால், உள்ளே இருக்கும் மரச்சக்கை படக்கென்று முறிந்து துண்டு துண்டாக உதிரும். வெளிப்பட்டையில் இருக்கும் நார் முறியாமல் நீண்ட நாடாவாகக் கையில் தொங்கும். ஊறாத தண்டை ஒடித்தாலோ, நாரும் சக்கையும் ஒன்றையொன்று விடாது. இரண்டையும் ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். அதை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க வேண்டும். அதற்காக அறுத்த தண்டுகளை வயலிலேயே வாரக்கணக்கில் பரப்பிப் பனியிலும் ஈரத்திலும் கிடத்துகிறார்கள்; இடையிடையே புரட்டிப் போடுகிறார்கள். பச்சை மஞ்சளாகிச் சாம்பல் நிறத்துக்கு வரும். நாள் குறைந்தால் நார் பிரியாது, கூடினால் நாரே அழுகத் தொடங்கும். மழை மிகுந்தாலும் குறைந்தாலும் ஒரே வயலில் இருவேறு தர நார் வந்துவிடுகிறது. நீரில் மூழ்கவைத்தால் மென்மையான நார் கிடைக்கும். ஆனால் அந்த நீரில் உயிர்வளி தீர்ந்து நாற்றமெடுத்து நீர்நிலை கெடும். நூற்பாலைக்கு வேண்டியது ஒரே தரம். பருத்தி நூற்கும் இயந்திரத்தில் இந்த நீள நாரை அப்படியே இட முடியாது; பசை நீக்கி, வெட்டி, பருத்தி இழை போலாக்க வேண்டும். தண்டின் எடையில் நார் கால் பங்கு அளவுக்குத்தான் தேறும் என்பதால், மீதிச் சக்கைக்கும் சந்தை இருந்தால்தான் உழவருக்குக் கட்டுப்படியாகும். தண்டு எடைக்கு இடம் அதிகம் அடைப்பதால் ஆலையும் வயலுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். பயிர் 100 முதல் 120 நாளில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடுகிறது. வளர்ப்பது எளிது, பிரிப்பதுதான் கடினம்.

பயன்கள் இல்லை என்று சொல்லவில்லை. பாய்மரக் கப்பல் காலம் முழுவதும் கயிறும் பாயும் இந்த நாரில்தான் பெருமளவு செய்யப்பட்டன. சீனாவில் கி.பி. 105-இல் காகிதம் செய்யும் முறையைச் சீர்படுத்திய சாய் லுன் ஹெம்ப் நார்க் கழிவையும் பயன்படுத்தினார். இன்று ஐரோப்பியக் கார்களின் உள்கதவுப் பலகைகளில் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோடு அழுத்திய ஹெம்ப் நார் இருக்கிறது. கண்ணாடி இழையைவிட எடை குறைவு, உடைந்தால் கூர்முனை வராது. மெல்லிய சிகரெட் தாள் போன்ற சிறப்புக் காகிதங்களிலும் அது பயன்படுகிறது. நெருக்கமாக விதைத்தால் களையை நிழலால் அடக்கிவிடும் என்பதும் உண்மை. நீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டாத பயிர் என்பது மட்டும் மிகை. நைட்ரஜன் சத்து நன்றாக வேண்டும், நீர் தேங்கும் மண்ணில் இளம் பயிர் மடிந்துவிடும், பூவில் சாம்பல் பூஞ்சையும் தண்டில் துளைப்புழுவும் வரும்.

விதைக்கும் முன் யார் வாங்குவார்கள் என்று கேளுங்கள். 2018-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் அமெரிக்க உழவர்கள் சி.பி.டி. எண்ணெயை நம்பி 2019-இல் பெரும் பரப்பில் பயிரிட்டார்கள். விளைச்சல் மிகுந்து விலை சரிந்து, விற்க முடியாத பயிரோடு பலர் கடனில் நின்றார்கள். விற்காத சி.பி.டி.யை அமிலத்தால் மாற்றி டெல்டா-8 என்னும் போதைப்பொருளாக்கி விற்கும் வணிகமும் அதன் பிறகுதான் பெருகியது.

கேள்வி: ஹெம்ப் சக்கையால் வீடு கட்டலாமா?

சுவர் எழுப்பலாம், அந்தச் சுவர் வீட்டைத் தாங்காது. சக்கைத் துண்டுகளைச் சுண்ணாம்போடும் நீரோடும் பிசைந்து, மரச்சட்டத்தைச் சுற்றி அடைத்த பலகைகளுக்கு நடுவே மெல்லத் தட்டி நிரப்புகிறார்கள். வேகமாக இடித்தால் காற்றிடைவெளி போய்விடும்; அந்த இடைவெளிதான் வெப்பத்தைத் தடுக்கிறது. ஒரு கன மீட்டர் 300 முதல் 400 கிலோ எடைதான் இருக்கும், சாதாரண கான்கிரீட்டோ 2,400 கிலோ. பாரத்தை மரச்சட்டமோ தூணோதான் ஏற்க வேண்டும். காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். தீப்பற்றி எளிதில் எரியாது, ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். செடி வளரும்போது ஈர்த்த கரியமிலம் சுவரிலேயே தங்குகிறது. சுண்ணாம்பைச் சுடும்போது வெளியேறும் கரியமிலத்தை அதிலிருந்து கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஹெம்ப் விதை உண்ணத் தகுந்ததா? போதை வருமா?

விதைக்குள் போதைப்பொருள் உருவாவதில்லை; மேலே ஒட்டும் பிசின் துகளால் சிறு தடயம் இருக்கலாம், கழுவித் தோல் நீக்கினால் அதுவும் குறையும். எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் எண்ணெயும் 25 சதவீதம் புரதமும் உண்டு. ஒமேகா-6, ஒமேகா-3 கொழுப்புகள் ஏறக்குறைய 3-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. எண்ணெய் விரைவில் சிக்குப் பிடிக்கும், பொரிக்க ஏற்றதல்ல.

இதோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று. இந்தச் செடி காட்மியம், ஈயம், நிக்கல் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சும். 1990-களின் பிற்பகுதியில் செர்னோபில் அருகே மாசுபட்ட நிலத்தில் இதை நட்டுச் சோதித்தார்கள். மண்ணைச் சுத்தம் செய்யும் திறனாகப் போற்றப்படும் அதே பண்பு, மாசுபட்ட நிலத்தில் விளைந்ததை உண்பவருக்கு ஆபத்தாகிறது. எந்த மண்ணில் விளைந்தது என்பதைப் போதையின் அளவுக்கு இணையான அக்கறையோடு சோதிக்க வேண்டும்.

கேள்வி: நான் தாவர உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். இந்தச் செடியில் ஆராய இனி என்ன இருக்கிறது? (முதுகலை மாணவி)

மிக அதிகம் இருக்கிறது. அதற்குக் காரணம் இத்தனை காலமும் ஆராயவிடாமல் வைத்திருந்ததுதான். 1961-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கஞ்சாவை மருத்துவப் பயன் மிகக் குறைந்த, மிக ஆபத்தான பொருள்களுக்கான நான்காம் பட்டியலில் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று 2020 டிசம்பர் 2-ஆம் நாள் ஐ.நா. ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்கு வேறுபாட்டில்தான் அதை அங்கிருந்து நீக்கியது. அமெரிக்காவில் 1968 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல், ஆய்வுக்கான கஞ்சாவை மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஒன்று மட்டுமே வளர்த்துத் தர முடிந்தது. மற்றவர்களுக்கு 2021-இல்தான் உரிமம் கிடைத்தது. மக்கள் உண்மையில் பயன்படுத்திய பொருளும் ஆய்வாளர் கையில் இருந்த பொருளும் வெவ்வேறாக இருந்தன. தடை பயன்பாட்டை நிறுத்தவில்லை, அறிவை நிறுத்தியது என்பது என் உறுதியான எண்ணம். வதந்தியும் மிகைப் புகழ்ச்சியும் வளர்ந்தது அந்த வெற்றிடத்தில்தான்.

செடியில் 100-க்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட்டவை இரண்டு மட்டுமே என்று சொல்லிவிடலாம். மனச்சிதைவைத் தூண்டக்கூடிய அதே செடியின் சி.பி.டி.யை, அந்நோய் உள்ள 88 பேருக்கு வழக்கமான மருந்தோடு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கொடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஓரளவு பயன் தெரிந்தது. இதைப் பெரிய அளவில் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் துறையைப் பொறுத்தவரை, செடியின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2011-இல் கனடாவில் வெளியானது. எந்த வானிலையிலும் டி.எச்.சி. வரம்பைத் தாண்டாத விதையைப் பெருக்குவதும், பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் இந்தச் செடியை வெப்பமண்டலத்தில் சீக்கிரமே பூத்துக் குட்டையாகிவிடாமல் வளர்ப்பதும் இன்னும் தீராத வேலைகள். தண்டிலும் எதிர்பாராத வாய்ப்புகள் உண்டு. 2013-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெம்ப்பின் பட்டை நாரை நீரோடு அழுத்தச் சூட்டில் பதப்படுத்தி, கார்பனின் மிக மெல்லிய தாள் வடிவமான கிராபீனுக்கு ஈடாக மின்னேற்றம் சேமிக்கும் மெல்லிய கார்பன் தகடுகளை உருவாக்கினார்கள்.

என்னைக் கேட்டால், பெக்டினைத் தின்னும் நுண்ணுயிர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வயலில் வாரக்கணக்கில் வானிலையை நம்பி நடக்கும் வேலையை, நீரைக் கெடுக்காமல், ஒரே தரத்தில், சில நாள்களில் முடிக்கும் நொதிக் கலவையைக் கண்டறிந்தால் நார் பிரிக்கும் செலவு குறையும். இதற்குப் பூவோ பிசினோ தேவையில்லை. உரிமம் பெற்ற வயலிலிருந்து வரும் வெறும் தண்டு போதும். எனினும் தண்டைப் பெறுவதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் வழியாக எழுத்து மூலமான அனுமதியை வாங்கிவிடுங்கள்.